ஆம்புக்கு எந்தக் கரண்ட்? தனி லைனா, ஸ்டெபிலைசரா, ஐசொலேஷனா, யூபிஎஸ்ஸா

போன மாதம் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தம்பி, லோன் போட்டு நல்ல இன்டகிரேட்டட் ஆம்ப் (பாட்டுச் செட்டின் அம்ப்ளிஃபயர்) ஒன்று எடுத்திருக்கிறார், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் ஸ்டெபிலைசர் கடை வாசலில் நின்றுகொண்டு கோல் எடுக்கிறார். காத்தான்குடியில் ஒரு காக்கா, அதாவது மூத்த அண்ணன் ஒருவர், இருபது வருஷமாகப் பாட்டுக் கேட்கிறவர், இரவில் ஆம்பில் ஒரு முனகல் வருகிறதாம், ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் போட்டால் போகுமா என்று கேட்டார். மூன்றாமவர் வெல்லாவெளிப் பக்கத்து ஆசிரியர். ஜப்பானில் பாவித்து வந்த 100 வோல்ட் ஆம்ப், அதுவும் மாலையானால் பல்பு மங்குகிற, வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரை லைனில்.

மூன்று பேருக்கும் ஒரே பெட்டியை விற்க எந்தக் கடைக்காரனாலும் முடியும். ஆனால் மூன்றும் மூன்று வருத்தம், ஒரு குளிசை போதாது. அதனால் முதலில் என்ன வருத்தம் என்று பார்ப்போம், மருந்து அப்புறம்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

எந்தப் பெட்டியும் வாங்குமுன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரு கிழமைக்கு, ஆம்ப் வைக்கப்போகிற அந்தச் சொக்கட்டிலேயே, விடிய ஆறு மணி, மத்தியானம், இரவு ஏழரை, நடுச்சாமம் என்று நான்கு நேரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 6 வீதம் கூடிக் குறையலாம், அதாவது ஏறத்தாழ 216இலிருந்து 244 வரை. உங்கள் கொப்பியில் உள்ள எண்கள் இதற்குள் நின்றால் பாதிப் பயம் போய்விடும்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிற ஒரு விஷயம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப் பழுதாகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரிய டிரான்ஸ்போமர் வைத்த வழக்கமான ஆம்பில் உள்ளே போகிற வோல்டேஜ் குறைந்தால், அது தரக்கூடிய உச்ச வாட் குறையும், அவ்வளவுதான். கணக்குப் பாருங்கள்: 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால், 100 வாட் ஆம்ப் 76 வாட் ஆகிறது. கேட்க மோசமாகத் தெரியும், காதுக்கு அது 1.2 டெசிபல்தான். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தால் ஒழிய உங்களுக்குத் தெரியவே தெரியாது. பயப்பட வேண்டியது கூடும்போதுதான். 253 வோல்ட் வந்தால் உள்ளே உள்ள டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வோல்டேஜும் அதே 10 வீதம் ஏறும். 63 வோல்ட் வரை தாங்கும் கப்பாசிட்டரை 56 வோல்ட்டில் வேலை செய்ய வைத்திருக்கிற ஆம்பில் அது 61.6 ஆகிவிடும், டிரான்ஸ்போமரும் சூடாகி முனக ஆரம்பிக்கும்.

இரண்டாவது, ஆம்ப் கரண்டை எப்படி இழுக்கிறது என்பது. ஐயன் பொக்ஸ் மாதிரி ஒரே சீராக அது இழுப்பதில்லை. மின்னலையின் உச்சி வருகிற அந்தச் சின்ன நேரத்தில் மட்டும், ஒரு செக்கனுக்கு 100 தடவை, கப்பாசிட்டரை நிரப்பப் பெரிய மிடறாகக் குடிக்கிறது. சராசரி 2 ஆம்பியர் என்று மீட்டர் காட்டினாலும் அந்த மிடறு அதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே ஆம்புக்கு முன்னால் நீங்கள் வைக்கிற எதுவும், அது வயராக இருந்தாலும் பெட்டியாக இருந்தாலும், அந்த மிடறை மறிக்கக்கூடாது.

மூன்றாவது எவ்வளவு வாட் என்பது. பின்பக்கத் தகட்டில் உள்ள எண்ணை நம்பிப் பெட்டி வாங்கக்கூடாது, அது பெரும்பாலும் முழு உச்சத்தைச் சொல்வதில்லை. வேலை செய்கிற முறையை வைத்து ஆம்பைக் கிளாஸ் ஏ, ஏபி, டி என்று பிரிப்பார்கள். கிளாஸ் ஏ ஆம்ப் பாட்டு இல்லாமலே முழுக் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக்கு 30 வாட் தருகிற சின்ன ஆம்பே சும்மா இருக்கும்போது 200 வாட் அளவில் எரிக்கும். கிளாஸ் ஏபி, பக்கத்துக்கு 100 வாட் என்றால் 8 ஓம் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் 350, 400 வாட் போகும், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதற்கு மேல் நல்லாவே ஏறும். ஆனால் ஹோலில் இருந்து கேட்கும் சத்தத்துக்குச் சராசரியாகச் சில வாட்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது, தவிலோ பறையோ அடி விழுகிற கணத்தில்தான் பெரிதாகக் கரண்ட் கேட்கும். கிளாஸ் டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 90 வீதம் வரை வீணாக்காமல் வேலை செய்கிறது, பலதும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் வாங்கிக்கொள்ளும். உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் கீழே வருகிற பாதிச் செலவு உங்களுக்கில்லை.

மிச்சம் மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்: லைனில் வருகிற அழுக்கு, இடிமின்னலும் நியூட்ரல் விட்டுப்போவதும், கரண்ட் நிற்பது. இவற்றோடு எந்தக் கடையிலும் சொல்லாத செலவுகள்: மாத பில், விசிறிச் சத்தம், சூடு, பற்றரி, அப்புறம் எங்கள் ஊரின் உப்புக் காற்று.

## தனி லைன்

மெயின் போட்டிலிருந்து ஆம்ப் இருக்கும் சுவருக்கு நேராக ஒரு கேபிள், அதற்கென்று ஒரு பிரேக்கர், ஒரு நல்ல 13 ஆம்பியர் சொக்கட். இடையில் எந்தச் சந்தியும் கிடையாது. பார்க்க ஒன்றுமேயில்லை, வந்தவர்களுக்குக் காட்டிப் பெருமைப்படவும் முடியாது, அதனால்தான் யாரும் இதை முதலில் செய்வதில்லை. என்னைக் கேட்டால் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு இதுதான் பதில்.

ஏன் என்று சொல்கிறேன். நம்முடைய பழைய வீடுகளில் சொக்கட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவித் தாவி வந்திருக்கும், குசினியில் ஃப்ரிட்ஜ், வெளியில் தண்ணி மோட்டர், நடுவில் உங்கள் ஆம்ப். சில இடத்தில் பல்புக்கு இழுத்த மெல்லிய 1/1.13 வயரிலிருந்தே சொக்கட்டுக்கும் எடுத்திருப்பார்கள், அது 1 சதுர மில்லிமீற்றர். அதில் 20 மீற்றர் தூரத்துக்கு 10 ஆம்பியர் மிடறு ஒன்று போனால் கிட்டத்தட்ட 9 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். அதே தூரம், அதே மிடறு, 7/0.85 கேபிள், அதாவது 4 சதுர மில்லிமீற்றர் என்றால் 2.2 வோல்ட். 7/0.67 போட்டாலும் 3.6தான், தூரம் குறைவென்றால் அது போதும்.

எலக்ரீசியனிடம் சொல்ல வேண்டியவை: பிரேக்கர் 20 ஆம்பியர், சி வகை. பெரிய வட்ட டிரான்ஸ்போமர் உள்ள ஆம்பை ஓன் பண்ணும்போது ஒரு கணம் மிகப் பெரிய கரண்ட் பாயும், பி வகை பிரேக்கர் சும்மா சும்மா விழுந்து உயிரை வாங்கும். கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிச்சைத் தாண்டி லைன் எடுக்க விடாதீர்கள், "சத்தம் நல்லா வரும்" என்று யார் சொன்னாலும் சரி.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் வீட்டு எர்த் என்பது வளவில் அடித்த கம்பிதான். கல்லடி, நாவற்குடா, பாசிக்குடா மாதிரி மணல் நிலத்தில் மேல்மண் கோடையில் காய்ந்துபோனால் அந்தக் கம்பி பேருக்குத்தான் நிற்கும். நல்ல காலம், நமக்கு நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை, கம்பியை ஈரம் வரை இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் சிலர் ஆம்புக்கென்று தனியாக இன்னொரு கம்பியை ஜன்னலுக்கு வெளியே அடித்து அதை மட்டும் ஆம்பில் கொளுவுகிறார்கள். செய்யவே வேண்டாம். ஒரு வீட்டில் இரண்டு எர்த் என்றால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு கம்பிக்கும் இடையில் பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும், அது கடந்துபோகிற பாலம் உங்கள் ஆம்ப்தான். புதுக் கம்பி அடித்தால் பழையதோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு சுவர் கொத்துவதுதான். வயர் காசை விடப் பூச்சு, பெயின்ட் காசு கூட வரும். பழைய பியூஸ் போட் உள்ள வீட்டில் போட்டையே மாற்ற வேண்டி வரலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் வருஷத்துக்கொரு முறை மெயினை நிற்பாட்டிவிட்டு எலக்ரீசியனைக் கொண்டு ஸ்குரூக்களை இறுக்கி, சொக்கட்டைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று பேஸ் (மூன்று லைவ் வயர்) வந்த வீடென்றால், மோட்டரும் ஃப்ரிட்ஜும் இல்லாத பேஸில் செட்டைப் போடுங்கள், ஆனால் செட்டில் உள்ள எல்லாமே ஒரே பேஸில் இருக்க வேண்டும். இரண்டு பேஸுக்கு இடையில் 400 வோல்ட்.

இது எதைச் செய்யாது? மின்கம்பத்திலிருந்தே 190 வோல்ட்தான் வருகிறதென்றால் தனி லைன் அதை 230 ஆக்காது.

## ஸ்டெபிலைசர்

இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. ரிலே வகை மலிவு; வோல்டேஜைப் படி படியாக மாற்றும், மாற்றும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம், சில ஆம்பில் அது ஸ்பீக்கரிலும் வரும். மாலை ஏழு மணிக்கு லைன் ஆடிக்கொண்டிருக்கையில் மெல்லிய வீணை கேட்டுப் பாருங்கள், பல்லி கத்துவது மாதிரிப் பெட்டி டக் டக் என்று சேர்ந்து தாளம் போடும். சேர்வோ வகையில் ஒரு சின்ன மோட்டர் கரி பிரஷ் ஒன்றை டிரான்ஸ்போமரின் மேல் நகர்த்தி மெதுவாகச் சரிசெய்யும். ஆம்புக்கு அதுதான் பொருத்தம், விலையும் எடையும் கூட. பிரஷ் தேயும், தூசியும் உப்பும் படிந்தால் பொறி பறக்கும், ஆகவே அதற்கும் பராமரிப்பு உண்டு.

இரண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட், வோல்டேஜ் சரியாக இருக்கும்போதுதான். உள்ளே 170 வோல்ட் வருகிறபோது அதே பெட்டி அந்த அளவைத் தராது, அதாவது உங்களுக்கு அது தேவைப்படுகிற நேரத்தில்தான் அது சோர்ந்துபோகும். ஆகவே ஆம்பின் உச்சத் தேவையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு வாங்கிய பழைய ஸ்டெபிலைசரை ஆம்புக்குக் கொடுத்து, "பேஸ் (அடித்தொனி) செத்துப்போச்சு" என்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். மூன்று மாதம் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது யாருக்கு? கொப்பியில் அடிக்கடி 200க்குக் கீழோ 245க்கு மேலோ எழுதியவர்களுக்கு. டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருப்பவர்கள், படுவான்கரையின் உட்பக்கம், வாகரைப் பக்கம், அம்பாறையின் வயல் நடுவில் உள்ள வீடுகள். ஆனால் காசு கொடுக்குமுன் கொப்பியோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தெரு டிரான்ஸ்போமரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க டப் (சுற்றின் இடையில் எடுத்த முனை) உண்டு, ஒரு பேஸில் கூடுதலாக வீடுகள் தொங்கினால் மாற்றிக் கட்டவும் முடியும். நாள், நேரம், வோல்ட் என்று எழுதிய தாள், "கரண்ட் சரியில்லை ஐயா" என்று வாயால் சொல்வதை விட வேலை செய்யும். 245க்கு மேல் போகிறதென்றால் இது இன்னும் அவசியம், அதில் உங்கள் ஆம்ப் மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லாப் பல்பும் சேர்ந்து போகிறது.

## ஐசொலேஷன் டிரான்ஸ்போமர்

உள்ளே வருவது 230, வெளியே போவதும் 230, ஆனால் இரண்டு சுற்றுக்கும் இடையில் கம்பித் தொடர்பு இல்லை. லைனிலும் நியூட்ரலிலும் சேர்ந்து வருகிற இரைச்சல், மலிவான சார்ஜர்களும் எல்ஈடி பல்புகளும் கொட்டுகிற குப்பை, இதில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வோல்டேஜை அது திருத்தாது: 195 வந்தால் 195தான் போகும், பாரம் ஏறும்போது இன்னும் கொஞ்சம் குறைந்தும் போகும்.

நல்ல 1000 விஏ (ஏறத்தாழ வாட் மாதிரி ஓர் அளவு) டிரான்ஸ்போமர் எட்டு, பத்து கிலோவுக்குக் குறையாது. கடையில் ஒரு கையால் லேசாகத் தூக்க முடிந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லாத இன்னொன்று, பாட்டு இல்லாத நேரத்திலும் அது கொஞ்சம் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும். 15 வாட் என்று வைத்தால்கூட நாள் முழுக்க விட்டால் மாதம் 11 யூனிட். சுவரில் நிற்பாட்டப் பழகுங்கள்.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்போமருக்கு அப்பால் நடக்கிற கசிவு, போட்டில் உள்ள ட்ரிப் சுவிச்சுக்குத் தெரியாது. இரண்டாம் சுற்றின் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து, அதற்குப் பின்னால் இன்னொரு ட்ரிப் சுவிச் வைக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்யுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள்.

சரி, முனகலுக்கு இது மருந்தா? முனகல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்துகொண்டு, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாட்டுக் கேட்கிற ஊர் நம்முடையது. அதையே செய்யுங்கள்: ஒரு மரக்கோலை ஆம்பின் மூடியில் வைத்து மறுமுனையைக் காதில் வையுங்கள். பெட்டிக்குள்ளேயே முனகினால் அது டிரான்ஸ்போமர், பெரும்பாலும் லைனில் கலந்து வருகிற கொஞ்ச டிசிதான் காரணம், வட்ட டிரான்ஸ்போமர்கள் அதற்கு மிகவும் கூச்சப்படும். அதற்கு டிசி பிளொக்கர் என்று சின்னப் பெட்டி உண்டு, சில டயோடும் கப்பாசிட்டரும்தான் உள்ளே, ஐசொலேஷன் டிரான்ஸ்போமரின் விலையில் சின்னப் பங்கு. பெட்டி அமைதியாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் உறுமினால், அது எர்த் வளையம், அதாவது கொளுவிய பொருட்களின் எர்த் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்துவிடுவது. டிவியின் கேபிள், கணினி, எதையெல்லாம் ஆம்பில் கொளுவியிருக்கிறீர்களோ ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதுதான் கள்ளன். அதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் வாங்கினால், எர்த் கம்பி அதையும் தாண்டிப் போவதால், காசு போகும், உறுமல் இருக்கும்.

## யூபிஎஸ், இன்வேட்டர்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டதைப் பார்த்தவர்களுக்கும் இந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனாலும் பெரிய ஆம்புக்கு இது கடைசித் தெரிவு.

கணினிக்கு வைக்கிற சாதாரண யூபிஎஸ் பற்றரிக்குப் போனதும் கட்டம் கட்டமான அலையைத் தரும். வழக்கமான ஆம்பின் டிரான்ஸ்போமர் அதில் உறுமும், சூடாகும். வேண்டாம். ஆன்லைன் யூபிஎஸ் நல்ல பொருள்: எந்த நேரமும் புதிதாகச் செய்த சுத்தமான 230 தரும், கரண்ட் போனாலும் ஒரு கணமும் விடாது. ஆனால் அதற்குள் விசிறி எந்நேரமும் ஓடும். அமைதிக்காக இவ்வளவு செலவழித்துவிட்டு ஹோலுக்குள் விசிறிச் சத்தம் வைப்பதா? தவிர, போகிற கரண்டில் பத்தில் ஒரு பங்கு அளவு சூடாக வெளியேறும். பற்றரி இன்னொரு தலையிடி. ஈய பற்றரிக்கு 25 பாகைதான் பிடிக்கும், அதற்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் பாதி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஓட்டு வீட்டு ஹோல் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

கூரையில் சோலார் போட்டு, லிதியம் பற்றரியோடு ஹைபிரிட் இன்வேட்டர் ஏற்கனவே வைத்திருப்பவர் கதை வேறு. அதன் வெளியீடு சுத்தமான சைன் அலையா, உங்கள் ஆம்பின் ஓன் பண்ணும் கணத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பாவிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது: ரவுட்டர், இன்டர்நெட்டிலிருந்து பாட்டு எடுக்கிற ஸ்ட்ரீமர் மாதிரிச் சின்னவற்றுக்கு ஒரு சின்ன யூபிஎஸ், ஆம்ப் நேராகச் சுவரில். கரண்ட் போனால் பாட்டும் நிற்கட்டும், குப்பி விளக்கைக் கொளுத்திவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கலாம்.

## 100 வோல்ட் ஆம்புக்கு டிரான்ஸ்போமர்

ஜப்பான் பாவனைப் பொருள் நமக்குப் புதிதில்லை, வாகனம் முதல் சைக்கிள் வரை வருகிறது. நல்ல பழைய ஆம்பும் வருகிறது, அந்த விலைக்கு அந்தத் தரம் புதிதாகக் கிடைக்காது என்பதும் உண்மை. பிரச்சினை என்னவென்றால், கடைகளில் இருக்கிற டிரான்ஸ்போமர் பெரும்பாலும் 110 வோல்ட்டுக்கானது. 100க்கும் 110க்கும் என்ன வித்தியாசம், பத்துத்தானே என்பார்கள். மேலே எழுதிய கப்பாசிட்டர் கணக்கை இங்கே போடுங்கள். லைன் 244 இல் நிற்கிற ஒரு நடுச்சாமத்தில், 230க்கு 110 தருகிற டிரான்ஸ்போமர் 116.7 தரும். 100க்குச் செய்த ஆம்புக்கு அது 17 வீதம் கூட. உள்ளே 56 வோல்ட் இருந்த இடத்தில் 65, கப்பாசிட்டரோ 63. ஒரு நாள் வெடிக்கும். ஆகவே 230க்கு 100, முடிந்தால் 240க்கு 100 என்று சொல்லிச் சுற்றித்தர வையுங்கள்.

அடுத்தது, ஓட்டோ டிரான்ஸ்போமரா, தனிச்சுற்று டிரான்ஸ்போமரா என்பது. ஓட்டோ சின்னது, மலிவு, ஆனால் ஒரே சுற்றில்தான் இரண்டு பக்கமும். அந்தச் சுற்றின் கீழ்ப்பகுதி அறுந்தால் 230உம் அப்படியே ஆம்புக்குள் போகும். தனிச்சுற்று கனம், விலை, ஆனால் இந்த ஆபத்து இல்லை, மேலே சொன்ன ஐசொலேஷன் வேலையும் அதே பெட்டியில் முடிந்துவிடும். நல்ல ஆம்புக்கு நான் ஓட்டோ வைக்க மாட்டேன்.

அப்புறம் கரண்ட். அதே 500 வாட்டுக்கு 230இல் 2.2 ஆம்பியர், 100இல் 5 ஆம்பியர். எனவே டிரான்ஸ்போமருக்கும் ஆம்புக்கும் இடையில் வயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும், சந்தையில் வாங்கிய மெல்லிய மாற்றுப் பிளக்கைக் கொண்டு முடிச்சுப் போடக்கூடாது. ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60, அதனால் அவர்களின் ஆம்பில் பெரும்பாலும் 50/60 என்றே இருக்கும், பயமில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது சொந்தக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பில் 60 மட்டும் போட்டிருந்தால் அது வேறு கதை, 50இல் அந்த டிரான்ஸ்போமர் சூடாகும். (ஜப்பான் ரிசீவரின் எஃப்எம் பற்றியும் ஆசைப்பட வேண்டாம், பழையவை 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும், நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேல்.)

வாங்குமுன் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆம்புகளின் உள் டிரான்ஸ்போமரிலேயே 220, 240 வயர்கள் சும்மா கட்டிவைக்கப்பட்டிருக்கும், தெரிந்த ஒருவர் மாற்றிப் பற்றவைத்தால் வெளிப் பெட்டியே தேவையில்லை.

## எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சின்னப் பொருட்கள்

மேலே உள்ள எதைத் தெரிவுசெய்தாலும் மெயின் போட்டில் இவை இருக்கட்டும். ஒன்று இடி தாங்கி, இரண்டாம் வகை சேர்ஜ் அரெஸ்டர். அது நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும். மற்றது கூடிய, குறைந்த வோல்டேஜ் வெட்டி, 260 மாதிரி ஒரு அளவைத் தாண்டினால் தானாக நிற்பாட்டுவது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உப்புக் காற்றில் மின்கம்பத்து நியூட்ரல் சந்தி அரித்துப்போய் விட்டுவிட்டால், அடுத்த வீட்டுப் பாரத்தைப் பொறுத்து உங்கள் வீட்டுக்குள் 400 வரைகூட வரலாம். சில பல்பு மங்க, சில பல்பு பளீரென்று எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் சித்திரை மாத இடிமின்னலிலும் பெட்டியை நம்ப வேண்டாம், பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றி விடுங்கள்.

| வழி | தீர்ப்பது | தீர்க்காதது | பிறகு தெரியவரும் செலவு |
|---|---|---|---|
| தனி லைன் | வயரில் விழும் வோல்டேஜ், வீட்டுக்குள்ளிருந்து வரும் தொந்தரவு | கம்பத்திலிருந்தே குறைவாக வருவது | சுவர் கொத்து, பழைய போட் |
| ஸ்டெபிலைசர் | நாளெல்லாம் ஏறி இறங்கும் வோல்டேஜ் | இரைச்சல், இடி | இரண்டரை மடங்குப் பெட்டி, பிரஷ் |
| ஐசொலேஷன் | லைன் இரைச்சல் | வோல்டேஜ், எர்த் வளையம் | கனம், மாதம் 11 யூனிட், இரண்டாவது ட்ரிப் சுவிச் |
| ஆன்லைன் யூபிஎஸ் | வோல்டேஜ், இரைச்சல், கரண்ட் நிற்பது | பெரிய ஆம்பின் மிடறு | விசிறி, சூடு, பற்றரி |
| 230க்கு 100 | ஜப்பான் ஆம்ப் | லைன் ஏற்ற இறக்கம் | தனிச்சுற்று விலை, தடித்த வயர் |

## அந்த மூன்று பேருக்கும்

கல்லடித் தம்பியின் கொப்பியில் மிகக் குறைந்தது 218, கூடியது 241. அவருக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை. 7/0.85இல் தனி லைன், இடி தாங்கி, வோல்டேஜ் வெட்டி, எர்த் கம்பியை ஈரம் வரை இறக்குவது. மிச்சக் காசுக்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடச் சொன்னேன், அந்த ஹோலில் எதிரொலி அப்படி.

வெல்லாவெளி ஆசிரியருக்கு மாலையில் 184. மின்சார அலுவலகத்துக்கு முதலில் கடிதம். அதற்கிடையில் தனிச்சுற்று டிரான்ஸ்போமர் ஒன்று, 240க்கு 100, முதல் சுற்றில் 200க்கும் ஒரு டப் வைத்து. மாலையில் 200 டப்பில் கேட்கலாம், பகலில் 240. ஆனால் ஐயா, டப் மாற்றுகிற சுவிச்சை வெளியில் வைக்காதீர்கள், ஆம்பை ஓவ் பண்ணிவிட்டு மூடி திறந்து மாற்றுகிற மாதிரி இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் வருகிற வீடு. கையால் மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால், மறந்துவிடக்கூடியவர் என்றால், டப் வேண்டாம், முன்னால் ஒரு சேர்வோ ஸ்டெபிலைசர்தான்.

காத்தான்குடிக் காக்கா மரக்கோல் வைத்துப் பார்த்தார். பெட்டிக்குள்தான் முனகல், ஆனால் இரவு இஷா தொழுது வந்த பிறகு, அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷம் மட்டும். மூன்று நாள் கோலோடு குந்தியிருந்து கண்டுபிடித்துவிட்டார்: மகள் தலை காயவைக்கிற ஹெயார் டிரையர். அதை அரை வேகத்தில் ஓட்டுகிறபோது உள்ளே ஒரு டயோட் அலையின் பாதியை மட்டும் இழுக்கும், லைனில் டிசி கலந்துவிடும். டிசி பிளொக்கர் ஒன்று எடுக்கச் சொன்னேன். "அது பொறகு பாப்பம் தம்பி, இப்போதைக்கு மகளை ஃபுல் ஸ்பீட்ல பிடிக்கச் சொல்லியிருக்கன்" என்றார்.